டான்ஸ் தெரபியா, டான்ஸ் கிளாஸா, யோகாவா, கவுன்சலிங்கா?

“டான்ஸ் தெரபி சேர்க்கலாமா?” என்று கேட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. பிள்ளைக்கு ஆட்டிசம், பேச்சுப் பயிற்சியும் ஆக்குபேஷனல் தெரபியும் (அன்றாட வேலைகளைப் பழக்கும் பயிற்சி) ஓடிக்கொண்டிருக்கின்றன, இதையும் சேர்த்தால் நல்லதா என்று கேட்கும் அம்மாக்கள். மாதக்கணக்கில் மனசு சரியில்லை, கவுன்சலர் எதிரில் உட்கார்ந்தால் வாயே வரவில்லை என்று சொல்லும் பெண்கள் (ஆண்களும் உண்டு, ஆனால் எழுதுவது குறைவு). அப்பாவுக்குப் பார்க்கின்சன், நரம்பியல் டாக்டர் “முடிஞ்சா டான்ஸ் ஆட வைங்க” என்று சொல்லிவிட்டார், எங்கே கூட்டிப்போவது என்று விழிக்கும் மகன்கள்.

மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் அது விளம்பரம். மனநல மறுவாழ்வுத் துறையில் வேலை பார்க்கிறவள் என்பதால் இந்தச் சிகிச்சையால் பலன் பெற்றவர்களையும், தேவையில்லாமல் காசைக் கொட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். சொல்ல முடியாத ஒன்றை உடம்பின் வழியாக, அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் முன்னால் கொண்டுவருவதற்கு நடன அசைவு சிகிச்சை (டான்ஸ் தெரபி என்று சொல்வது இதைத்தான்) நல்ல வழி. உடம்பு அசைய வேண்டும், நாலு பேரோடு சிரிக்க வேண்டும், நடை சீராக வேண்டும் என்பதுதான் தேவையென்றால், அதைவிட மலிவான, அதைவிடச் சோதித்துப் பார்க்கப்பட்ட வழிகள் இருக்கின்றன.

## எதை வைத்து எடை போடுகிறேன்

முதலாவது, என்ன மாற வேண்டும்? நடையா, தூக்கமா, பிள்ளை இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து விளையாடுவதா, யாரிடமும் சொல்லாத ஒரு விஷயமா? இதை ஒரு வரியில் எழுத முடியாவிட்டால் எங்கேயும் பணம் கட்டாதீர்கள். மூன்று மாதம் கழித்து ஏதாவது மாறியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் எதுவும் இருக்காது.

இரண்டாவது, எதிரில் நிற்கும் ஆள். ஆடத் தெரிந்தவர் எல்லாருக்கும் மனச்சோர்வையோ பழைய அதிர்ச்சியையோ அடையாளம் காணத் தெரியும் என்று சொல்ல முடியாது. இரண்டும் தெரிந்தவர்தான் ‘சிகிச்சை’க்கான கட்டணத்தைக் கேட்கலாம்.

மூன்றாவது, சான்று: எத்தனை பேரை வைத்துச் சோதித்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள். நான்காவது, முழுச் செலவு. கட்டணம் அதில் ஒரு பகுதிதான். ஆட்டோ, போட்ட லீவு, துணைக்கு வருபவரின் நேரம், “எங்க போயிட்டு வர்றே?” என்ற கேள்விக்குத் தேட வேண்டிய பதில் எல்லாம் செலவுதான். ஐந்தாவது, பொருந்தாவிட்டால் எவ்வளவு சுலபமாக விலகலாம் என்பது.

## நடன அசைவு சிகிச்சை

1942இல் வாஷிங்டன் நகரின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் மரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர் நோயாளிகளோடு வேலை செய்யத் தொடங்கினார். மனநோய்க்கான இன்றைய மருந்துகள் வராத காலம். பேச்சை விட்டுவிட்டவர்களை வட்டமாக நிறுத்தி, ஒருவர் கையை எப்படி ஆட்டுகிறாரோ அப்படியே தானும் ஆட்டி, அந்த அசைவை வட்டம் முழுக்கப் பரவவிட்டார். 1966இல் அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கம் உருவானபோது முதல் தலைவரும் அவரே. இன்றும் வேலையின் அடித்தளம் அதுதான்: வட்டம், தாளம், ஒருவர் அசைவை இன்னொருவர் ஏந்திக்கொள்வது. தொழிலில் இதற்கு மிரரிங் என்று பெயர்.

இந்தியாவில் இந்தத் துறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் திரிபுரா காஷ்யப். அவர் இணைந்து தொடங்கிய கிரியேட்டிவ் மூவ்மென்ட் தெரபி அசோசியேஷன் ஆஃப் இந்தியா 2014இல் அமைந்தது. கடத்தலிலிருந்து மீண்ட பெண்களோடு வேலை செய்வதற்காக சோஹினி சக்கரவர்த்தி 2004இல் கொல்கத்தா சன்வேத் அமைப்பை நிறுவினார். நம் சென்னையில் அம்பிகா காமேஷ்வர் 1989இல் தொடங்கிய ராசா, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு நாட்டியம், பாட்டு, நாடகம் எல்லாவற்றையும் கலந்து கற்பிக்கிறது. அதை நேரடியாக நடன அசைவு சிகிச்சை என்று வகைப்படுத்த முடியாது, நெருங்கிய உறவு எனலாம்.

அறைக்குள் என்ன நடக்கும்? முதல் சந்திப்பில் பெரும்பாலும் பேச்சுதான். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், மூட்டு, முதுகு, இதயம் எப்படி, யாராவது தொட்டால் சங்கடமா என்றெல்லாம் கேட்பார்கள். கேட்காமல் நேரே பாட்டைப் போட்டால் அங்கேயே சந்தேகப்படுங்கள். அடுத்த வாரங்களில் ஓர் அமர்வு பொதுவாக முக்கால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஓடும். வெறுங்கால், தளர்வான உடை. டான்ஸ் ஸ்டுடியோவில் இருப்பது போலச் சுவர் முழுக்கக் கண்ணாடி இருக்காது, இருந்தாலும் திரை போட்டு மூடுவார்கள். எப்படித் தெரிகிறோம் என்று பார்ப்பது அங்கே வேலையில்லை.

தோள், கழுத்து, மூச்சு என்று உடம்பைத் தளர்த்துவதில் ஆரம்பிக்கும். பிறகு யாரோ ஒருவர் தன்னையறியாமல் முஷ்டியை இறுக்குவார். தெரபிஸ்ட் அதைக் கவனித்துத் தானும் இறுக்குவார். “இதைக் கொஞ்சம் பெரிசா பண்ணிப் பார்க்கலாமா?” என்பார். அது சுவரைத் தள்ளுவதாக மாறும், துப்பட்டாவை இழுப்பதாக, தரையை மிதிப்பதாக மாறும். ருடால்ப் லாபன் என்ற நடன அறிஞர் வகுத்துக் கொடுத்த முறையில் அசைவின் எடை, வெளி, நேரம், ஓட்டம் என்ற நான்கையும் பல தெரபிஸ்டுகள் கவனிக்கிறார்கள். எப்போதும் மெதுவாக, எடையே இல்லாமல், எல்லாருக்கும் வழிவிட்டு நகரும் ஒரு மருமகள், முதல் முறையாகக் காலை ஊன்றி ஒருவரைத் தள்ளிப் பார்ப்பது அங்கே பெரிய நிகழ்ச்சி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும்.

கடைசிப் பத்து நிமிடம் அடங்குவதற்கு. உட்கார்ந்து, மூச்சு பார்த்து, ஓரிரு வார்த்தை சொல்வது அல்லது காகிதத்தில் கிறுக்குவது. நல்ல தெரபிஸ்ட் இந்தப் பகுதியை ஒருபோதும் சுருக்க மாட்டார். கிளறிவிட்டதை மூடாமல் வீட்டுக்கு அனுப்பினால் அந்த இரவை நீங்கள்தான் தனியாகச் சமாளிக்க வேண்டும்.

ஆடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பரதம் பழகியவர்கள் சிலர் இங்கே திணறுவதையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் உடம்பு உடனே அழகான ஓர் அடவைத் தேடிப் போய்விடும், அவர்களுக்குச் சொந்தமான அசைவு வெளியே வர நாளாகும். ஆரம்ப அமர்வுகளில் எல்லாருக்கும் வருவது கூச்சமும் சிரிப்பும்தான். “இதுக்கா காசு கொடுத்தோம்” என்றுகூடத் தோன்றும். அழுகை வரலாம், வராமலும் போகலாம். அழுதால்தான் பலன் என்று நினைக்காதீர்கள்.

சான்று எப்படி? இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் விளம்பரங்கள் சொல்வதும் ஆய்வுகள் சொல்வதும் ஒன்றல்ல. மனச்சோர்வுக்கு நடன அசைவு சிகிச்சை குறித்து மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பாய்வுக்குத் தகுதியான ஆய்வுகள் மூன்றுதான் கிடைத்தன, மொத்தம் 147 பேர். பலன் உண்டு என்றோ இல்லை என்றோ உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடித்தார்கள். ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோயின் கதை இன்னும் பாடமானது. உணர்ச்சி மங்கி, பேச்சு குறைந்து ஒதுங்கிப்போகும் அறிகுறிகளுக்கு, இந்தச் சிகிச்சைக்கு மிக நெருக்கமான உடல்வழி உளசிகிச்சையை இங்கிலாந்தில் 45 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2006இல் வெளியான முடிவு நம்பிக்கையூட்டியது. 2016இல் அதையே 275 பேரை வைத்து, பத்து வாரத்தில் இருபது அமர்வுகளாக, பிலாட்டிஸ் உடற்பயிற்சிக் குழுவோடு ஒப்பிட்டார்கள். நோயாளிக்குப் பயன்படும் அளவிலான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

ஆட்டிசத்திலும் ஏறக்குறைய இதே வடிவம். ஜெர்மனியில் 2015இல் 31 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வில் மிரரிங் பயிற்சியால் முன்னேற்றம் தென்பட்டது. 2016இல் 78 பேரை வைத்துச் செய்ததில் புள்ளிவிவர உறுதி கிடைக்கவில்லை. சிறு ஆய்வுகளில் பளிச்சென்று தெரிவது பெரிய ஆய்வுகளில் மங்குகிறது.

இதனால் இது பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ‘தெரபி’ என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள் என்கிறேன். காசு கொடுப்பது அந்த ஆளின் பயிற்சிக்காக இருக்கட்டும்.

பயிற்சியை எப்படித் தெரிந்துகொள்வது? அமெரிக்காவில் பதிவு பெற்ற தெரபிஸ்ட் ஆவதற்கு முதுகலை அளவிலான படிப்பும் மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சியும் வேண்டும். இந்தியாவில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் கொல்கத்தா சன்வேத்தோடு சேர்ந்து டிப்ளமா நடத்தியிருக்கிறது, வேறு சங்கங்களின் சான்றிதழ்ப் படிப்புகளும் உண்டு. இவற்றுக்கு நடுவில், சனி ஞாயிறு ஒர்க்‌ஷாப் முடித்துவிட்டுப் பெயருக்குப் பின்னால் ‘சர்ட்டிஃபைட்’ போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசியச் சட்டத்தின் அட்டவணையில் அசைவு சிகிச்சையாளர் என்ற வகைக்குள் நடன சிகிச்சையாளரும் வருகிறார். ஆனால் டாக்டரின் பதிவு எண்ணைச் சரிபார்ப்பது போன்ற பழக்கம் இந்தத் துறையில் இன்னும் வேரூன்றவில்லை. ஆகவே நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மறைந்த செலவுகள். ஓர் அமர்வுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒன்று, மூன்று மாதம் என்றால் 18,000. பெருநகரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பயணச் செலவு அதைத் தாண்டிவிடும். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனாலும் சாதாரண பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தருகின்றன. வாரா வாரம் போகும் அமர்வுக்குக் கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

பிறகு அந்தரங்கம். சின்ன ஊரில் குழு அமர்வுக்குப் போனால் அங்கே பெரியம்மா மருமகள் நிற்கலாம். ‘கிளையன்ட் அழுகிற வீடியோ’வை இன்ஸ்டாகிராமில் போடும் இடங்களும் வந்துவிட்டன. ஆன்லைனில் செய்யலாம் என்றால் முழு உடம்பும் தெரியும்படி கேமரா வைக்க வேண்டும், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த அறைதான் கிடைக்காத பொருள்.

இது பொருந்துவது யாருக்கு? பேச்சு சிகிச்சை முயன்றும் சொல் வராதவர்களுக்கு. வன்முறைக்கோ அத்துமீறலுக்கோ ஆளாகித் தன் உடம்பே தனக்கு அந்நியமாகிப் போனவர்களுக்கு, அதுவும் அந்த வகை வேலையில் பழகியவரிடம் மட்டும். மருந்தில் நிலைபெற்ற பிறகும் ஒதுங்கியே இருப்பவர்களுக்கு, மறுவாழ்வின் ஓர் அங்கமாக. மனநோய் உச்சத்தில் இருக்கும்போதும், தற்கொலை எண்ணம் இருக்கும்போதும் இதில் தொடங்கக் கூடாது. முதலில் மனநல மருத்துவர்.

## சாதாரண நடன வகுப்பு

இதைக் குறைத்து மதிப்பிடுவது நம் வழக்கம். டான்ஸ் கிளாஸ் பொழுதுபோக்கு, தெரபி மருத்துவம் என்று ஒரு தட்டு உயர்ந்தும் ஒரு தட்டு தாழ்ந்தும் நிற்கிறது. சான்றைப் பார்த்தால் அப்படி இல்லை. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியான ஆய்வில், மறதி நோய் வரும் வாய்ப்பு குறைவதோடு தொடர்புடையதாகத் தெரிந்த ஒரே உடலியக்கம் நடனம். அது கவனிப்பு ஆய்வுதான். ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் ஆடப் போனார்களா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஆனால் அவர்கள் ஆடியது தெரபி கிடையாது, சாதாரண ஆட்டம்.

பார்க்கின்சன் விஷயத்திலும் நடன வகுப்புதான் முன்னால் நிற்கிறது. 2001இல் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு தொடங்கிய வகுப்பில் வந்தவர்களை நோயாளியாக நடத்தவில்லை, ஆடப் பழக வந்தவர்களாக நடத்தினார்கள். அந்த முறை இன்று பல நாடுகளில் இருக்கிறது. புனேயில் ரிஷிகேஷ் பவாரும் பார்க்கின்சன் உள்ளவர்களுக்காக வகுப்பு நடத்தினார். அமெரிக்காவில் டாங்கோ என்ற ஜோடி ஆட்டத்தை வைத்துச் செய்த சிறு ஆய்வுகளில் சமநிலை மேம்பட்டது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். இந்த நோயில் கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல உறைந்துவிடும். உள்ளிருந்து வர வேண்டிய தாளம் பிசகும்போது வெளியிலிருந்து வரும் தாளம் அதற்குக் கைகொடுக்கிறது. டாங்கோவில் நிற்பதும், திரும்பக் கிளம்புவதும், பின்னால் அடி வைப்பதும் ஓயாமல் வரும். சரியாக அதில்தான் இவர்கள் திணறுகிறார்கள்.

நம் ஊரில் டாங்கோவைத் தேடி அலைய வேண்டாம். பழைய பாட்டைப் போட்டு, பிடித்துக்கொள்ள நாற்காலியும் விழாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இருந்தால், கும்மி மெட்டுக்கு அடி வைப்பதிலும் வெளித்தாளம் இருக்கிறது. தொடங்குவதற்கு முன் பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பார்த்து, எந்த அசைவு ஆபத்து என்று சொல்லிவிடட்டும்.

மறைந்த செலவு இங்கே வேறு விதம். ஜும்பாவில் மூட்டு வலி. பரதத்தில் அரைமண்டி முழங்காலுக்கு நல்லதா என்று நாற்பதுக்கு மேல் கற்க வருபவர்கள் கேட்டுவிட்டே ஆரம்பிக்க வேண்டும். பிள்ளைகளைச் சேர்த்தால் சலங்கை பூஜை, ஆண்டு விழா உடை, அரங்கேற்றம் என்று படி ஏறிக்கொண்டே போகும். அரங்கேற்றத்துக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கும் குடும்பங்கள் நமக்குத் தெரியாததல்ல. எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, ஒப்பிடுவது. “அவளைப் பாரு, எப்படி அழகா பிடிக்கிறா” என்ற ஒரு வார்த்தை, ஏற்கெனவே தன் உடம்பை வெறுத்துக்கொண்டிருக்கும் பெண்ணை அடுத்த நாளே வகுப்பிலிருந்து நிறுத்திவிடும். சமூக பயமோ உணவுக் கோளாறோ இருப்பவருக்கு, சுவர்க் கண்ணாடி நிறைந்த அறை நல்ல தொடக்கம் கிடையாது.

தனிமை, சோம்பல், லேசான மனவாட்டம், வயோதிகம் இவற்றுக்கெல்லாம் என் முதல் சிபாரிசு நடன வகுப்புதான். பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் ஃபீஸ் கட்டாமல் விட்டுவிடலாம்.

(கோயிலில் சாமியாடுவதும் ஒருவகை தெரபிதானே என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. ஆறுதல் கிடைப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் “இப்போ எப்படி இருக்கு?” என்று கேட்கும் பொறுப்பு அங்கே யாருக்கும் கிடையாது.)

## யோகா

சுருக்கமாகவே சொல்கிறேன், தெரியாதவர்கள் இல்லை. ஆய்வுகளின் எண்ணிக்கையில் யோகா நடன சிகிச்சையைவிட வெகுதூரம் முன்னால் இருக்கிறது. பெங்களூருவில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் ஸ்கிசோஃப்ரினியா உள்ள 61 பேரை வைத்து, மருந்தோடு சேர்த்து யோகாவையும் உடற்பயிற்சியையும் ஒப்பிட்ட 2007ஆம் ஆண்டு ஆய்வில் யோகாக் குழு மேலாக வந்தது. மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி பற்றி 2024இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த பெரிய தொகுப்பாய்வில் நடை அல்லது ஓட்டம், யோகா, எடைப் பயிற்சி எல்லாமே பலன் காட்டின. நடனத்தின் பலன் அவற்றைவிடப் பெரிதாகத் தெரிந்தது, ஆனால் அந்த முடிவு 5 ஆய்வுகளில் இருந்த 107 பேரிலிருந்து வந்தது. நடை, ஓட்டத்துக்கு 51 ஆய்வுகள், 1,210 பேர். “டான்ஸ்தான் பெஸ்ட் என்று ஆராய்ச்சி சொல்கிறது” என்று யாராவது செய்தி அனுப்பினால் 107, 1,210 என்ற இந்த இரண்டு எண்களையும் பதிலாக அனுப்புங்கள்.

ஆளுக்கேற்றபடி தனியாகக் கற்றுத்தரும் முறைக்கு சென்னையில் 1976இல் தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் பழைய முன்னோடி. பூங்காவில் இலவசமாக நடக்கும் காலை வகுப்புகளும் நிறைய. குறை என்னவென்றால், யோகாவில் நீங்கள் உங்களோடு மட்டுமே இருக்கிறீர்கள். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் அது வரம். இன்னொருவர் முகத்தைப் பார்க்கவும், எதிரில் இருப்பவரின் தாளத்துக்கு இணங்கவும் பழக வேண்டியவருக்கு அங்கே வேலை குறைவு. கண்ணை மூடிச் சவாசனத்தில் படுக்கச் சொன்னாலே பழைய பயம் எழும் சிலர் உண்டு. அவர்கள் அதை ஆசிரியரிடம் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம்.

## பேச்சு சிகிச்சை

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இந்தப் பட்டியலிலேயே உறுதியான சான்று உள்ளது இதற்குத்தான், குறிப்பாக சி.பி.டி. எனப்படும் சிந்தனை, நடத்தை மாற்று முறைக்கு. தகுதியைச் சரிபார்ப்பதும் சுலபம். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவருக்கு ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் காசில்லாமல் பார்க்கலாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

இதன் மறைந்த செலவு மொழி. பெருநகரத் தனியார் மையங்களில் கவுன்சலர் ஆங்கிலத்தில் யோசிப்பார், வந்தவர் “நெஞ்சுல ஏதோ அடைக்குது” என்பார். இரண்டுக்கும் நடுவில் பல அமர்வுகள் வீணாகும். இன்னொன்று, அரசு மருத்துவமனையில் கூட்டம் அதிகம், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசக் கிடைப்பது கஷ்டம். வாய் வரவில்லை என்று எழுதும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது, கவுன்சலரை மாற்றிப் பார்த்தீர்களா என்பதே. உங்கள் வட்டார வழக்கு புரிந்த ஒருவரிடம் வாய் தானாகத் திறந்துவிடுவதும் உண்டு. அதன்பிறகும் அடைப்பு அப்படியே இருந்தால், நடன அசைவு சிகிச்சையை இதோடு சேர்த்து எடுங்கள், இதற்குப் பதிலாக வேண்டாம். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள நீங்கள் அனுமதி கொடுத்தால் இன்னும் நல்லது.

## பிள்ளைகளுக்கு: ஆக்குபேஷனல் தெரபியோடு ஒப்பிட்டால்

ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பெற்றோருக்கு உண்மையான போட்டி யோகாவோ கவுன்சலிங்கோ கிடையாது. வாரத்தில் இருக்கும் நேரமும் கையில் இருக்கும் பணமும்தான் போட்டி. பல் தேய்ப்பது, பட்டன் போடுவது, சத்தத்தைத் தாங்குவது, கேட்டு வாங்குவது, இவை வர வேண்டுமானால் ஆக்குபேஷனல் தெரபியும் பேச்சுப் பயிற்சியும்தான் முதலில். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களிலும் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கும் நீப்மெட் என்ற, பல்வகை மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனத்திலும் இவை குறைந்த செலவில் அல்லது இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றில் ஒன்றை நிறுத்திவிட்டு நடன சிகிச்சைக்குப் போவதாக இருந்தால், வேண்டாம். எல்லாம் ஓடிக்கொண்டிருந்து, பிள்ளைக்குத் தாளம் பிடித்து, வாரத்தில் ஒருநாள் மிச்சமிருந்தால் தாராளமாகச் சேருங்கள். பேச்சு வராத பிள்ளை சுற்றிச் சுற்றி ஓடும்போது, அதைத் தடுக்காமல் கூடவே சுற்றி ஓடும் ஒரு பெரியவர் கிடைப்பது அரிது. அந்தப் பிள்ளை ஒரு கட்டத்தில் நின்று, இந்த ஆள் இன்னும் வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கும். மிரரிங்கில் தேடுவது அந்தத் திரும்பிப் பார்த்தலைத்தான்.

## ஒரே பார்வையில்

| | எதற்கு ஏற்றது | சான்று | மறைந்த செலவு | விலகுவது |
|---|---|---|---|---|
| நடன அசைவு சிகிச்சை | சொல்லில் வராத துயரம், உடம்போடு விலகல், ஒதுங்கியிருத்தல் | குறைவு, சிறு ஆய்வுகள் | பயணம், தகுதியில்லாத ஆள், அந்தரங்கம் | முடிக்கும் அமர்வு ஒன்று தேவை |
| நடன வகுப்பு | தனிமை, முதுமை, பார்க்கின்சன், உற்சாகம் | நோயைப் பொறுத்து மிதமானது | மூட்டு, ஒப்பீடு, விழாச் செலவு | மிகச் சுலபம் |
| யோகா | பதற்றம், தூக்கம், மருந்தோடு துணையாக | அதிகம் | தனியே பழகும் தன்மை | மிகச் சுலபம் |
| பேச்சு சிகிச்சை | மனச்சோர்வு, பதற்றம், குடும்பச் சிக்கல் | மிக உறுதியானது | மொழி, காத்திருப்பு | சொல்லிவிட்டு விலகலாம் |
| ஆக்குபேஷனல் தெரபி | பிள்ளைகளின் அன்றாடத் திறன்கள் | நடைமுறையில் நிலைபெற்றது | பெற்றோரின் நேரம், வீட்டுப் பயிற்சி | இடையில் நிறுத்தினால் பழகியது தேயலாம் |

## நடன அசைவு சிகிச்சை என்றே முடிவு செய்துவிட்டால்

பணம் கட்டுவதற்கு முன் போனிலேயே கேளுங்கள். எங்கே படித்தீர்கள், எத்தனை மாதப் படிப்பு, நேரில் நோயாளிகளோடு பயிற்சி இருந்ததா, இப்போது உங்கள் வேலையை மேற்பார்வை செய்பவர் யார்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் வந்தால் பாதி பயம் போய்விடும். அமர்வில் யாருக்காவது மூச்சு முட்டினாலோ பழைய நினைவு வந்து உறைந்துவிட்டாலோ என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். எந்த மனநல மருத்துவரோடு தொடர்பு வைத்திருக்கிறீர்கள் என்றும். படம் எடுப்பீர்களா, எடுத்தால் எழுத்தில் அனுமதி வாங்குவீர்களா, தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேட்பீர்களா என்பதையும் விட்டுவிடாதீர்கள். “நாலே செஷன்ல குணமாயிடும்” என்றோ “மாத்திரையை நிறுத்திடலாம்” என்றோ யாராவது சொன்னால் போனை வைத்துவிடலாம்.

பன்னிரண்டு அமர்வுக்கான பேக்கேஜை மொத்தமாக வாங்காமல் நான்காகக் கட்டுங்கள். எட்டாவது அமர்வில் இருவரும் உட்கார்ந்து, முதல் நாள் எழுதிய அந்த ஒரு வரியை எடுத்து வைத்து, மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். மாறவில்லையென்றால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். முடிப்பதற்கென்று ஓர் அமர்வு கேளுங்கள், அதற்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தாலும் சரி.